வெனிஸ் தண்ணிக்கு நடுவுல அசிசியார் தீவு

வெனிஸ் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் சான் மார்க்கோ பேராலயத்த பாத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க. அசிசியார், அதாவது அசிசி நகர் புனித பிரான்சிஸ், அவர் மேல பக்தி இருக்கறவங்க இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க. வாட்டர் பஸ் ஏறி புரானோல இறங்கணும், கலர் கலரா வீடு இருக்குமே அந்தத் தீவு தான், அங்கேருந்து தனியா ஒரு போட் பேசிக்கிட்டா சான் பிரான்செஸ்கோ தெல் தெசெர்த்தோ தீவு, அசிசியார் பேருல இருக்கற மடம் அங்க தான். தூரத்துல வரும்போதே சைப்ரஸ் மரங்களும் மணிக்கூண்டும் தெரியும்.

1219ல சிலுவைப்போர் நடந்துட்டு இருக்கும்போதே அசிசியார் எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமில நேர்ல பாத்துப் பேசினாரு இல்லையா, அங்கேருந்து திரும்பற வழியில 1220ல இங்க தங்கினாருங்கறது மரபு. வெனிஸ் சதுப்புல புதரு முழுக்க பறவைங்க பாடிட்டு இருந்துச்சாம், அதுங்களும் ஆண்டவரத் தானே புகழுது, நாமளும் நடுவுல போய் நின்னு ஜெபிப்போம்னு கூட வந்த சகோதரர கூட்டிட்டுப் போறாரு, ஒண்ணு கூட பறக்கல, ஆனா அந்த சத்தத்துல ஒருத்தர் ஜெபம் இன்னொருத்தருக்குக் கேக்கல, கடைசில நாங்க முடிக்கற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்கன்னு பறவைங்க கிட்டயே சொல்ல, அதுங்களும் கப்சிப்னு ஆயிடுச்சாம், அவரு சரின்னு சொன்ன பிறகு தான் மறுபடி பாட்டு.

இத எழுதி வச்சவரு அசிசியாரோட வாழ்க்கை வரலாற எழுதின புனித பொனவெந்தூர். அவரு சதுப்புன்னு மட்டும் தான் சொல்றாரு, தீவு பேரு சொல்லல. எனக்கு அது பெரிய குறையா படல, ஏன்னா அசிசியார் இறந்து ஏழே வருஷத்துல, 1233ல, யாக்கொப்போ மிக்கியேல்ங்கற வெனிஸ் பிரபு தன்னோட இந்தத் தீவ அசிசியாரோட பிரான்சிஸ்கன் சபைக்கு எழுதிக் குடுத்துட்டாரு, சும்மாவா குடுப்பாரு?

ஆனா அதுக்கப்புறம் இந்த மடம் பட்ட பாடு இருக்கே. 1400கள்ல மலேரியா தாங்காம துறவிங்க கிளம்பிட்டாங்க, தீவே காலி. அதே நூற்றாண்டுல திரும்பி வந்து இன்னொரு முற்றம் கட்டினாங்க, பழைய முற்றம் புது முற்றம் ரெண்டையும் இன்னைக்கும் பாக்கலாம். 1806ல நெப்போலியன் ஆட்சி மடத்த மூடி வெடிமருந்துக் கிடங்கா ஆக்கிடுச்சு. போருக்கு நடுவுல எதிரிப் படைய தாண்டிப் போய் ஆயுதமில்லாம பேசின மனுஷன் ஜெபிச்ச எடத்துல வெடிமருந்து! அங்க நின்னு இதக் கேட்டப்ப எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. 1858ல, ஆஸ்திரியா ஆட்சில தான், சபைக்காரங்க மறுபடி உள்ள வந்தாங்க.

இப்பவும் அவங்க தான் இருக்காங்க. ஒரு பிரதர் கூட்டிட்டுப் போய் காட்டுவாரு, பேச்சு இத்தாலியன்ல தான். அசிசியார் ஜெபிச்சதா சொல்ற சின்ன ஜெபக்கூடத்துல கொஞ்ச நேரம் முழங்கால் போட்டேன், நான் வச்சிருந்த வேண்டுதல் ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல, சும்மா இருந்தேன். டிக்கெட் கிடையாது, காணிக்கை போடலாம். தங்கி தியானம் பண்ணவும் எடம் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டுக்கணும்.