உற்பத்தி முகாமைத்துவம்: மெதுவான நிலையத்தை முதலில் வட்டமிடுங்கள்

பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது, உற்பத்தி முகாமைத்துவத்தில் திறமைச் சித்தி. யாழ்ப்பாணத்தில் கைமாறி வரும் குறிப்புகளை மட்டும் நம்பியிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவை ஏழு விரயங்களையும் (வீண் வேலைகளின் வகைகள்) ஐந்து 'எஸ்'களையும் (வேலையிடத்தை ஒழுங்காக்கும் படிகள்) மனனம் செய்ய வைக்கின்றனவே தவிர, கணிப்பு வினாக்களைத் தொடுவதேயில்லை.

என்னைக் கரையேற்றியது ஒரே பழக்கம். வினா எதைக் கேட்டாலும், ஒவ்வொரு வேலை நிலையத்தின் சுற்று நேரத்தையும் (ஒரு பொருளை முடிக்க அங்கே எடுக்கும் நேரம்) செக்கனில் வரிசையாக எழுதி, மிக மெதுவானதை வட்டமிட்டுவிடுவேன். கோப்பாயில் உறவினர் ஒருவர் நெல்லிரசம் அடைக்கும் சிறு தொழிற்கூடத்தில்தான் இதன் அருமை எனக்கு விளங்கியது. போத்தல் நிரப்ப 12 செக்கன், கைக்கருவியால் மூடி இறுக்க 20, லேபல் ஒட்ட 15. மூடி இறுக்கும் அக்காவின் மேசைக்கு முன்னால் போத்தல்கள் நெருக்கியடித்து நிற்க, லேபல் ஒட்டுபவர் அடுத்த போத்தலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். நிரப்பும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் மணிக்கு 180 போத்தலுக்கு மேல் வெளியே வராது. குவியல்தான் உயரும், அதற்கேற்ப ஒவ்வொரு போத்தலும் காத்திருக்கும் நேரமும் நீளும். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இதுதான். சூத்திரமாகப் பாடமாக்கியபோது அது எனக்கு ஒட்டவேயில்லை.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

- ஓ.ஈ.ஈ. (இயந்திரத்தின் ஒட்டுமொத்த வினைத்திறன்) என்பது மூன்று விகிதங்களின் பெருக்கம், சராசரி அன்று. கிடைப்பு 90%, செயற்றிறன் 95%, தரம் 98% எனில் விடை 83.8%. திட்டமிட்ட ஓய்வு நேரத்தைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுங்கள்.
- சிக்கனக் கட்டளை அளவில் (மொத்தச் செலவு மிகக் குறையும்படி ஒரு தடவையில் கட்டளையிடும் தொகை), கேள்வியும் (தேவைப்படும் தொகை) வைத்திருப்புச் செலவும் ஒரே காலத்துக்குரியனவா என்று பாருங்கள்.
- கட்டுப்பாட்டு எல்லை (செயன்முறையின் இயல்பான ஏற்றத்தாழ்வைக் காட்டுவது) வேறு, விவரக்குறிப்பு எல்லை (பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று கோருவது) வேறு.
- கூட்டாகப் படிக்காதீர்கள். மற்றவர் கணக்கைச் செய்வதைப் பார்த்தால் நமக்கும் தெரியும் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. (நண்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.)

முன்னேற்ற வழி கேட்கும் வினாவில் பலரும் "புதிய இயந்திரம் வாங்கலாம்" என்றே தொடங்குகிறார்கள். அதற்கு முன் டாக்ட் நேரத்தை (தேவையை நிறைவேற்ற ஒரு பொருளுக்குச் செலவிடக்கூடிய நேரம்) கணியுங்கள். ஏழரை மணி நேர வேலையில், அதாவது 27,000 செக்கனில், 1,500 போத்தல் தேவையென்றால் ஒன்றுக்கு 18 செக்கன்; மூடி இறுக்க 20 செல்வதால் இன்றைய ஒழுங்கில் தேவை நிறைவேறாது. ஆனால் லேபல் ஒட்டுபவருக்கும் ஒரு கைக்கருவியைக் கொடுத்து, மூடி இறுக்குவதையும் லேபல் ஒட்டுவதையும் அவ்விருவரும் பகிர்ந்து செய்தால், மொத்தம் 35 செக்கன் இருவருக்குப் பிரிந்து, போத்தலுக்கு 17.5 ஆகிவிடுகிறது. விடைத்தாளில் இயந்திரத்தைப் பற்றி எழுதுவதாயின் இதன் பின்னரே எழுதுங்கள்.