கறுத்த பொட்டு

2004-இல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பழைய கருப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் கலர் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் படங்கள்தான். சட்டம் போட்டு மாலை சாத்த.

முதல் படத்திலேயே சொதப்பினேன். படத்தின் மேல் புது லேயர், அதாவது கண்ணாடித்தாள் மாதிரி ஓர் அடுக்கு போட்டு, அதில் பச்சையைப் பூசியதும் சேலை மடிப்பெல்லாம் மறைந்து, கலர் காகிதத்தை வெட்டி ஒட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஒபாசிட்டியை, அதாவது பூச்சு அடியிலிருப்பதை மறைக்கும் அளவைக் குறைத்தால் மூட்டம் போட்டதுபோல் வெளிறியது. ஸ்டூடியோ அண்ணாச்சி மவுஸை வாங்கி, லேயரில் 'நார்மல்' என்றிருந்ததை 'கலர்' என்று மாற்றினார். மடிப்பு, முந்தானை நிழல் எல்லாம் திரும்பி வந்தன. "வெளிச்சம் போட்டோலயே இருக்குடே. நீ அதத் தொடாத" என்றார்.

அந்தக் 'கலர்' மோடு, நாம் பூசியதிலிருந்து ஹியூவையும் (எந்த நிறம்) சாச்சுரேஷனையும் (நிறம் எவ்வளவு அடர்த்தி) மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் அடியில் கிடக்கும் படத்தினுடையது. கலர் டிவியும் இந்தச் சூட்சுமம்தான். 1982 ஆசிய விளையாட்டைக் கலரில் ஒளிபரப்பியபோது பழைய கருப்பு வெள்ளைப் பெட்டியிலும் படம் தெரிந்தது. வெளிச்சம் தனியாக வந்ததால் அதற்கு அதுவே போதும்.

சிக்கலும் அங்கேதான். தூய வெள்ளையில் எந்தக் கலரும் ஒட்டாது, கருப்பிலும் ஒட்டாது. போட்டோஷாப் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம். சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் 89-இல் நிற்கும், அவ்வளவு வெளிச்சமான நிறம். அதை இருட்டுச் சாம்பல் மேல் பூசினால் சேற்று நிறம்தான் வரும்.

ஒரு அக்கா தன் அம்மா படத்தோடு வந்தார். "மஞ்சப் பட்டு, தம்பி. அவங்க கல்யாணப் படம்." சேலையோ அடர்ந்த சாம்பல். பூசினேன், சேறு.

"அக்கா, இது மஞ்சளா இருக்காதுன்னு நினைக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. ஹியூ ஸ்லைடரை மெல்ல நகர்த்தினேன். பச்சை, நீலம், ஊதா. அரக்கு வந்ததும், "நிறுத்துங்க" என்றார். கொஞ்சநேரம் பேச்சில்லை. "இது சித்தி கல்யாணத்துல கட்டுனது. அம்மா கல்யாணத்துல எடுத்தது இல்ல."

நெற்றிப் பொட்டு மட்டும் மிச்சம். அந்தக் காலத்துச் சில ஃபிலிம்கள் சிவப்பை உணராது. குங்குமம் கருப்பாகவே விழும். கலர் மோடில் எத்தனை முறை பூசியும் ஏறவில்லை. கடைசியில் புது லேயர் போட்டு, நார்மல் மோடிலேயே சிவப்பாக ஒரு வட்டம் வைத்தேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.