பதில் வருமுன்னே வந்த சமாதானம்

வேதாகமத்தில், பிள்ளையில்லாமல் ஏங்கிய அன்னாளின் வரலாற்றில் அவள் மகன் சாமுவேல் பிறந்த செய்தியைவிட, அதற்கு முன்பே அவள் எழுந்து சாப்பிட்டாள் என்ற சிறு குறிப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது. உதடுகள் மட்டும் அசைய, சத்தம் வெளிவராமல் அழுது ஜெபித்த அவளைக் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியனாகிய ஏலி நினைத்தான். கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாக அவள் விளக்கிய பிறகு, சமாதானத்துடனே போ என்று அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். அன்றைக்கு அவள் கையில் பிள்ளை இல்லை, அவளை நோகடித்த, அவள் கணவனின் மற்றொரு மனைவியாகிய பெனின்னாளும் அதே வீட்டில்தான் இருந்தாள். ஆயினும் அவள் போஜனஞ்செய்தாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்கிறது 1 சாமுவேல் முதலாம் அதிகாரம்.

கவலை மிகுந்த நாட்களில் நான் செய்துவந்த ஜெபம் பெரும்பாலும் பொதுவானதாகவே இருந்தது. "ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிப் படுத்தாலும், சொல்லப்படாத அந்த 'எல்லாம்' நெஞ்சுக்குள் அப்படியே கிடந்து, நள்ளிரவில் என்னை எழுப்பிவிடும். இப்போது ஒவ்வொரு பயத்தையும் பெயர் சொல்லியே ஜெபிக்கிறேன்: மருத்துவப் பரிசோதனையின் முடிவு, கட்ட வேண்டிய கடன், பதில் எழுதத் துணியாமல் தள்ளிப்போட்ட ஒரு கடிதம். இப்படி வாய்விட்டுச் சொல்லும்போது, பத்தாகத் தோன்றியவை உண்மையில் இரண்டோ மூன்றோதான் என்பது பலமுறை தெரியவருகிறது. அந்த இரண்டும் சிறியவை என்று நான் சொல்ல வரவில்லை.

பிலிப்பியர் 4:6-7 வசனங்களும் இதையே சொல்கின்றன. விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்லும் பவுல், அதற்கு வாக்குப்பண்ணுவது எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானத்தை. கேட்டதெல்லாம் கேட்டபடியே நடக்கும் என்று அந்த இடத்தில் அவர் எழுதவில்லை. எழுதியவரே அப்போது விலங்கிடப்பட்டிருந்தார் என்பதை நினைவில் வைத்துப் படித்தால், அந்த வசனத்தைச் சுவரில் மாட்டும் அலங்கார வாக்கியமாக நினைக்கத் தோன்றாது.

கவலைப்படுவதே அவிசுவாசம் என்று சிலர் பிரசங்கிப்பது எனக்கு உடன்பாடானதல்ல. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதாகச் சீஷர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார், ஒரே வேண்டுதலை மூன்று முறை ஜெபித்தார். அவரே திரும்பத் திரும்பக் கேட்டிருக்க, நேற்று ஜெபித்ததையே இன்றும் ஜெபிக்க நேர்ந்தால் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? வார்த்தைகள் வராத இரவுகளில் 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கிறேன். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடு தொடங்கும் அதில் மொத்தம் 6 வசனங்களே உள்ளன என்பதால், மனம் அலைந்து திரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து வாசித்துவிட முடிகிறது.

ஜெபிக்கிறவர்கள் மருத்துவரிடம் போகக்கூடாது என்று எண்ணுவோருக்கு, சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்த தீர்க்கதரிசியாகிய எலியாவைச் சுட்டிக்காட்டுவேன். அவனிடம் தேவதூதன் நீண்ட போதனை எதுவும் செய்யவில்லை. முதலில் அவன் உடலைத்தான் கவனித்தான்: அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், பிறகு இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையிலே கர்த்தர் அவனோடு பேசியது அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான்.