மரத்து மூடு

தெற்குச் சீமையில் மரத்தின் அடியை மூடு என்போம். நாகர்கோவிலில் ஒரு சந்திப்புக்கே வேப்பமூடு என்று பெயர். பாளையங்கோட்டையைச் சுற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுத் தோட்டங்களும் வளாகத் தோட்டங்களும் அமைத்துக் கொடுத்துவரும் எனக்கு, ஒரு மரத்தின் முன்னால் போய் நின்றதும் கண் தானாக அதன் மூட்டுக்குத்தான் போகும். கூட வருகிறவர்கள் கொப்பையும் பூவையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து மண்ணைக் கிளறுவதைக் கண்டு, "என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. இந்தப் பழக்கம் படிப்பால் வந்ததில்லை. நான் செய்த ஒரு தவற்றால் வந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில், 2004ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒரு பள்ளி வளாகத்தில் நாற்பது கன்றுகள் நட்டேன். வேம்பு, புங்கை, கூடவே சீக்கிரம் நிழல் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டதற்காகச் சில தூங்குமூஞ்சிகள். கன்றுகள் நர்சரியில் நெடுநாள் கிடந்தவை, ஆளுயரம் நின்றன, அந்த உயரத்தையே தரம் என்று நம்பி வாங்கினேன். பையை முழுக்கக் கழற்றச் சொல்லியிருந்தும் வேலையாட்கள் பாதியைக் கிழித்துவிட்டு மீதியோடு குழியில் இறக்கினார்கள். நேரமாகிறது என்று நானும் பார்த்தும் பாராமல் இருந்தேன். காற்றுக்கு நிற்க வேண்டுமே என்று ஒரு முழம் ஆழமாகவே இறக்கி, மூட்டைச் சுற்றி மண்ணைக் குவித்து மிதித்தோம். எல்லாம் தழைத்தன. 2015 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூங்குமூஞ்சி ஒன்று மிதிவண்டிக் கொட்டகையின் மேல் விழுந்தது. ஞாயிறு என்பதால் கொட்டகையில் யாரும் இல்லை. அதற்கு மேல் நான் எதையும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரம் பெயர்ந்த இடத்தில் ஒரு அண்டா வைக்கும் அளவுக்குத்தான் குழி இருந்தது. பக்கவாட்டில் ஓடியிருக்க வேண்டிய வேர்கள் பேருக்கு ஒன்றிரண்டே ஓடியிருந்தன. மற்றவை பைக்குள் எப்படி வட்டமடித்துக் கிடந்தனவோ அப்படியே, பிரிமணைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, மணிக்கட்டுப் பருமனுக்குத் தடித்திருந்தன. ஒரு வேர் தண்டையே கயிறு போட்டதுபோல் இறுக்கியிருந்தது; இறுக்கிய இடத்தில் தண்டு சிறுத்து, பட்டை அழுகி, விரல் வைத்தால் உள்ளே போனது. சுருளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பாலிதீன் துண்டு ஒன்று, நேற்று கிழித்ததுபோலப் பளபளப்பாக இருந்தது. மீதித் தூங்குமூஞ்சிகளின் மூட்டை என் செலவில் தோண்டிப் பார்த்து, மூன்றை வெட்டினேன். அந்தப் பள்ளியில் எனக்கு அதன் பிறகு வேலை கொடுக்கவில்லை. அது நியாயந்தான்.

அன்றுமுதல் நான் நடும் விதம் மாறியது. கன்று முழங்கால் உயரம் இருந்தால் போதும். தண்டு தடிப்பாக, நடுவில் ஒடியாத குருத்தோடு இருக்க வேண்டும். பையை முழுதாக எடுத்துக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கன்றை இறக்க விடுவேன். வட்டமிட்ட வேர் தெரிந்தால் வேர்க்கட்டியின் பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிடுவேன். வீட்டுக்காரர்கள் பதறினாலும் கன்று பதறுவதில்லை. குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் ஆழம் மட்டும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள் பக்கவாட்டில்தான் ஓடுகின்றன என்பதால் அகலந்தான் அதற்கு உதவி. ஆழமாகத் தோண்டி எருவும் மண்ணும் இட்டு நிரப்பினால், முதல் மழையில் அந்த மண் அமுங்கிக் கன்றும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். தண்டு விரிந்து வேராக மாறும் அந்த இடம், மூடு, மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். முட்டுக்கம்பைத் தளர்வாகக் கட்டி ஓராண்டில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். சருகாலும் வைக்கோலாலும் மண்ணை மூடும் மூடாக்கு நான்கு விரல் கனம் போடலாம், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மண்ணும் இங்கே ஒன்றல்ல. பாளையங்கோட்டைப் பக்கத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை வந்துவிட்டால், கடப்பாரையால் தோண்டிய குழி ஒரு தொட்டிபோல் ஆகி, மழைநீர் வடியாமல் வேர் அழுகும். அங்கே குழியின் சுவரைக் கொத்திவிட்டு, கன்றைச் சற்று மேடாக நடுவது நல்லது. மானூர்ப் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்பு இளவேரை அறுக்கும் என்பதால் மூடாக்கு இல்லாமல் நடக்காது. திசையன்விளைத் தேரியின் செம்மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தருவது நடும் பருவம். ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் நாள் என்று ஊரெங்கும் கன்று நடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் குற்றாலச் சாரல் பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் நெல்லைச் சமவெளிக்கு அது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட மேல்காற்று அடித்து இறங்கும் காலம். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். வேர் பிடிக்காத கன்றின் இலையிலிருந்து அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் குழி வெட்டி, முதல் மழை மண்ணில் இறங்கியதும் நட்டால், அடுத்த மேல்காற்றுக்குள் கன்றுக்கு ஏழெட்டு மாதம் கிடைக்கும். இதைச் சொன்னால், "படம் எடுக்க ஜூன்லதான அண்ணாச்சி வாராங்க" என்பார்கள். நானும் ஜூனில் நட்டுக் கூலி வாங்கியிருக்கிறேன்.

ஆபத்தான மரத்தை அறிவதும் நான் மூட்டில் படித்த பாடத்தின் தொடர்ச்சியே. சாய்ந்த மரமெல்லாம் விழும் மரம் இல்லை. சிறு வயதிலேயே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, பிறகு நுனியை நிமிர்த்திக்கொண்ட மரம் அந்தச் சாய்வுக்கு ஏற்ற வேரையும் கட்டையையும் வளர்த்திருக்கும். புதிதாகச் சாய்ந்த மரந்தான் பயம்: சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் மேடு தட்டியிருக்கும், வளைகோடாக வெடித்திருக்கும். மூட்டில் தட்டுத்தட்டாகக் காளான் வந்திருந்தால் உள்ளே கட்டை உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சையின் இனத்தார்தான் இந்தக் காளான்களில் பலவும். இரண்டு பெருங்கொப்புகள் குறுகிய கவையாகப் பிரிந்து இடையில் பட்டை மாட்டியிருந்தால், அங்கே கட்டையோடு கட்டை சேரவில்லை. சாக்கடைக்கோ கேபிளுக்கோ மரத்தின் ஒரு பக்கம் பள்ளம் தோண்டி மூடியிருந்தால், மேலே எல்லாம் பச்சையாக இருக்கும்போதே அந்தப் பக்கத்து வேர் போயிருக்கும். அதனால் எந்த மரத்தைப் பார்க்கப் போனாலும் அண்மையில் அங்கே என்ன தோண்டினார்கள் என்று முதலில் கேட்பேன்.

எனக்காக மரம் ஏறுகிறவர் உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. ஏறும் முன் அரிவாளின் பின்புறத்தால் மூட்டைச் சுற்றித் தட்டிக் காது கொடுப்பார். ஒருமுறை ஒரு நாட்டு வாதுமையை இரண்டு சுற்று தட்டிவிட்டு, "சத்தம் சரியில்ல அண்ணாச்சி, நான் ஏற மாட்டேன்" என்று கயிற்றைச் சுருட்டிவிட்டார். கிரேன் வைத்து இறக்கினோம். மூட்டில் வெட்டிப் பார்த்தபோது மூன்று விரல் கனத்துக்கு மட்டுமே நல்ல கட்டை. உள்ளே காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது.

பொந்தில் சிமெண்டு அடைக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கொப்பைத் தண்டோடு தண்டாக வழித்து வெட்டுவதும் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாட்டில் அறுத்துப் பார்த்து, மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். கொப்பு தண்டில் சேரும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தை விட்டு வெட்டினால் அந்தச் சுவர் எழும்பும். வளையத்தையும் சேர்த்து வழித்தால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். மின்கம்பிக்காக மொட்டையடித்த மரங்களில் பிறகு கொத்தாகத் துளிர்க்கும் கொப்புகள் மேல்கட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. நான்கைந்து ஆண்டுகளில் கனத்து, ஒரு காற்றில் பிய்த்துக்கொண்டு வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரத்துத் தோப்பு வீடு ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தாமிரபரணி ஓரத்து மருதங்கள் நின்றிருந்தன. அவை வெள்ளத்தோடு பழகிய சாதி. வீட்டுக்காரருக்கு மனம் நிறைந்த சந்தோஷம், ஆறு ஒன்றரை அடி வண்டலை இலவசமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று. மாமரங்களின் மூடெல்லாம் அதில் புதைந்திருந்தது. நல்ல மண்ணானாலும் அந்தக் கனத்தில் வேருக்கு மூச்சு முட்டும், கொப்பு விரிவுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் வாரிவிடுங்கள் என்றேன். இரண்டு மரத்துக்கு மட்டும் ஆள் விட்டார்.

போன ஆண்டு மாசியில் பாளையங்கோட்டையில் ஒரு வீடு. பெரியவர் ஒருவர், சுவரைத் தாண்டிச் சாய்ந்திருந்த வேம்பை வெட்டக் கூப்பிட்டார். அறுபது வயதாவது இருக்கும்; பிறவிச் சாய்வு; மூடு யானைக்கால்போல் விரிந்து மண்ணைப் பிடித்திருந்தது. இது இருக்கட்டும் ஐயா என்று சொல்லிவிட்டு, வாசலில் நேராக நின்ற மயில்கொன்றையைக் காட்டினேன். அதன் மூட்டில், பைப்பு பதிக்கத் தோண்டிய பக்கத்தில், கரண்டி அகலத்துக்குத் தவிட்டுநிறக் காளான் இரண்டு. தட்டினேன், பனையேறி சொல்லும் அந்தச் சத்தம். அந்த மரத்தை நட்டது அவருடைய மனைவி என்றும், அவர் இறந்து மூன்று ஆண்டாகிறது என்றும் பெரியவர் சொன்னார். நான் கொப்புக் கனத்தைக் குறைத்துவிட்டு, அதன் கீழே கிடந்த கல் பெஞ்சையாவது தள்ளிப் போடும்படி கேட்டேன். பெஞ்சு தள்ளியிருக்கிறது. வேம்பை வேறு ஆளை வைத்து வெட்டிவிட்டார். மயில்கொன்றை இந்தச் சித்திரையிலும் பூத்திருந்தது. அந்தத் தெரு வழியே போகும்போது வண்டியை எதிர்ச்சுவர் ஓரமாக ஓட்டிக்கொண்டு, மூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். காளான் இப்போது நான்கு.