மோன்செகூர்: 60 யூரோ கொடுத்து ஏறிய மலை

முதலில் டாக்சிக் கதை. தெற்கு பிரான்ஸில் துலூஸிலிருந்து ஃபுவாவுக்கு ரயில், அங்கிருந்து லாவெலானேவுக்கு பஸ். இரண்டும் மலிவுதான். அதற்குமேல், கோட்டை இருக்கும் மோன்செகூர் கிராமத்துக்கு பஸ் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 60 யூரோ கேட்டார் ஓட்டுநர். மீட்டரைத் தொடவே இல்லை. மலைப்பாதையாம், திரும்பும்போது காலியாக வரவேண்டுமாம். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு!

கோட்டை 1207 மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில். பாதையில் சுண்ணாம்புக்கல் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கிறது. செருப்பில் வந்தால் தொலைந்தீர்கள். டிக்கெட் கூண்டை வேறு பாதி ஏற்றத்தில் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சில்லறை பொறுக்கினேன்.

'கத்தார் கோட்டை' என்கிறார்கள். வளைகுடா நாடு இல்லை. போப்பின் சபையை ஏற்க மறுத்த கிறிஸ்தவர்கள் இந்தக் கத்தார்கள். 1242-இல் இங்கிருந்து போன ஆட்கள் அவிஞோனே என்ற ஊரில், சபையை மறுப்பவர்களைத் தேடி விசாரித்துத் தண்டித்த மத விசாரணையாளர்களைக் கொன்றார்கள். மறு வருஷம் மே மாதம் பிரெஞ்சு அரசப் படை மலையைச் சூழ்ந்தது. கோட்டையில் இருந்தவர்கள் பத்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். அரசப் படையில் மலையேறப் பழகிய வீரர்கள் இரவோடு இரவாகக் கிழக்கு முனையைப் பிடித்து, கல்லெறி பொறியை மேலே கொண்டுவந்த பிறகுதான் கோட்டை ஆட்டம் கண்டது. 1244 மார்ச்சில் சரணடைந்து, பதினைந்து நாள் அவகாசம் வாங்கினார்கள். மதத்தைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம். அந்த நாட்களிலும் இருபது பேர் அளவில் புதிதாகக் கத்தார்களோடு சேர்ந்தார்கள், சாவோம் என்று தெரிந்தே! மார்ச் 16-இல் இருநூறுக்கும் மேற்பட்டோரை எரித்தார்கள்.

சரி, ஏமாற்றம் எங்கே? இப்போது நிற்கும் மதில் அவர்களுடையதே அல்ல. பழையதை இடித்துவிட்டார்கள், இது பிறகு இந்த இடத்துக்குப் பிரபுக்களாக வந்த லெவி குடும்பத்தார் கட்டியது. அப்புறம் எதற்கு, கோடைச் சூரியன் அம்புத்துளை வழியே நேராக வருவதைக் காட்டி 'கத்தார்களின் சூரியக் கோயில்' என்று கதை விடுகிறார்கள்?

ஆனால் மதிலுக்கு வெளியே, வடகிழக்குச் சரிவில், முழங்கால் உயரத்துக்குச் சில அடித்தளங்கள். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக, சின்னச் சின்ன அறைகள். நம் வீட்டுக் குளியலறை அளவுதான். கத்தார்கள் வாழ்ந்த வீடுகள் இவை. கோட்டைக்குள் கால் மணி நேரம் இருந்தவன், இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கியதும் கிராமத்தில் அசினா: முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, வாத்து, சாசேஜ் எல்லாம் ஒரே சட்டியில் கொதித்த சூப். குளிருக்கு அமிர்தம். டாக்சியை மறந்துவிட்டு லாவெலானேவுக்கு நடந்தே திரும்பினேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.