குதிரைக்காகப் போட்ட சாலை

வேல்ஸ் மலைக்குள் கார் ஓட்டப்போகிறேன் என்றதும், "வாந்தி மாத்திரை போட்டுக்கோ" என்றான் நண்பன். கொல்லிமலை வளைவுகள் அவன் கண்ணில் ஓடியிருக்கும். மாத்திரை வீண். லங்கோலென் என்ற ஊரில் ஏ5 சாலையைப் பிடித்து, ஆங்கிள்சி தீவைப் பிரிக்கும் மெனாய் நீரிணை வரைக்கும், மலையில் ஏறுகிறோம் என்பதே பல இடங்களில் தெரியவில்லை. கியர் மாற்ற வேலையே இல்லை.

காரணம் குதிரை. 1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டதும், டப்ளின் உறுப்பினர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வந்துபோக வேண்டியதாயிற்று. கப்பலில் ஆங்கிள்சியை ஒட்டிய ஹாலிஹெட் துறைமுகத்தில் வந்து இறங்கி, அப்புறம் வேல்ஸின் மலைப்பாதை. தபால் வண்டிக் குதிரைகள் காலொடிந்து விழும் பாதை அது. தங்களுக்கே இடுப்பு வலித்ததும் நாடாளுமன்றம் 1815-இல் பணம் ஒதுக்கியது. எங்கும் அப்படித்தானே! வேலை தாமஸ் டெல்ஃபர்டு என்ற பொறியாளரிடம் போனது. 20 அடி போனால் 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது; வண்டியிழுக்கும் குதிரை ஓட்டத்தை விடாமல் ஏற அதுதான் கணக்கு. நான்ட் பிராங்கன் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் புரிகிறது. பழைய பாதை எதிர்ப்பக்கம் கீழே கிடக்கிறது. டெல்ஃபர்டின் சாலை மலையின் விலாவை ஒட்டிச் சீராக இறங்கிக்கொண்டே போகிறது.

அப்பா சாலை ஆய்வாளராக இருந்தவர். அதனால் எனக்குப் பள்ளத்தாக்கைவிட, ஓரச் சுவரில் அங்கங்கே விட்டிருந்த ஒதுக்கிடங்கள்தான் பிடித்தன. பழுது பார்க்கும் ஜல்லியைக் கொட்டிவைக்கக் கட்டியவை. நம் ஊரில் அந்த ஜல்லி நடுரோட்டில் கிடக்கும். டெல்ஃபர்டு அடியில் பெரிய கற்களைக் கையாலேயே அடுக்கி, மேலே உடைத்த கல்லைப் பரப்பினார். உறுதிதான், செலவும் அதிகம். அதே காலத்துச் சாலைப் பொறியாளர் மெக்காடம், பெரிய கல்லே வேண்டாம், தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டால் சின்ன ஜல்லியே போதும், வண்டிகள் ஓடி ஓடி இறுக்கிவிடும் என்றார். மலிவு ஜெயித்தது. 'டபிள்யூ.பி.எம். போட்டாச்சா?' என்று அப்பா போனில் கத்துவாரே, 'வாட்டர் பவுண்ட் மெக்காடம்', அந்தக் கடைசி எழுத்து இந்த மெக்காடம்தான். அது ஓர் ஆளின் பெயர் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

வழியில் பெட்டுஸ்-எ-கோய்டு கிராமத்தில் மழை. டெல்ஃபர்டின் பாலத்தைத் தாண்டியே போய்விட்டேன். மேலிருந்து பார்த்தால் சாதாரணப் பாலம். திரும்பி வந்து, ஆற்றங்கரைக்கு வழுக்கி வழுக்கி இறங்கியபோதுதான் அந்த வார்ப்பிரும்பு வளைவு கண்ணில் பட்டது. வாட்டர்லூ போர் நடந்த அதே ஆண்டில் கட்டியது என்று வளைவு நெடுக எழுத்து. மூலைகளில் இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்செடி, அயர்லாந்தின் ஷாம்ராக் இலை, வேல்ஸின் லீக் பூண்டு என்று இரும்பிலேயே பூவும் இலையும். பாலத்தின் மேல் போகிற ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் இவ்வளவு அலங்காரம்.

சாயங்காலம் மெனாய். முன்பு ஆங்கிள்சி தீவின் மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக இந்த நீரில் நீந்தவிட்டுத்தான் கடத்துவார்களாம். சுழல் போடும் நீரைப் பார்த்தால் மாடுகள் பாவம். பாய்மரக் கப்பல் கீழே போக 100 அடி உயரம் விட்டே ஆகவேண்டும் என்றது கடற்படை; அதனால் டெல்ஃபர்டு கட்டியது தொங்கு பாலம். 1825-இல் முதல் சங்கிலியை ஏற்ற, சுமார் 150 பேர் குழல் இசைக்குக் கால்வைத்து உருளையைச் சுற்றினார்கள். 1826 ஜனவரி 30-ஆம் தேதி தபால் வண்டி ஓடியது. கோபுரத் தூண்களுக்கு நடுவே இறுக்கமான இரண்டு கல் வளைவுகள், கோச்சு வண்டியை மனதில் வைத்துக் கட்டியவை.

அந்தப் பெருமை கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. பக்கத்திலேயே ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலம் கட்டி 1850-இல் திறந்தார். குதிரைகளுக்கு வேலை போனது. 1970-இல் அந்தப் பாலம் தீப்பிடித்தது. திரும்பக் கட்டியபோது ரயிலுக்கு மேலே ஒரு தளம் போட்டு 1980-இல் மோட்டார் சாலையைத் திறந்துவிட்டார்கள். கரையில் நின்றபோது அங்கே மேலே லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஹாலிஹெட் கப்பலுக்கு.

நான் பழைய பாலத்தில் திரும்பினேன். முன்னால் ஒரு பேருந்து, கண்ணாடி உரசிவிடுமோ என்று கல் வளைவுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. குதிரை வேகம்தான். பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன்.