அப்பா சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

1986-இல் அப்பா சென்னைக்குத் தெற்கே மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கியபோது மண்ணடி உறவினர்கள் எல்லோரும், "காட்டில் போய் எப்படிக் குடியிருப்பாய்?" என்றுதான் கேட்டார்கள். பாரிமுனையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மண்ணடியில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய். ஆனால் கடைக்கு ஐந்து நிமிட நடை. அதை விட்டுவிட்டு, பரங்கிமலை ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் என்று மாறினார். கிடைத்தது 1,200 சதுர அடி மண், ஒரு கிணறு, அம்மா நட்ட முருங்கை.

பட்டா வைத்திருக்கும் கோப்பில் ஒரு பழைய ரசீது இருக்கிறது. அதன் பின்புறம் அப்பாவின் பொடி எழுத்து. ஒரு பக்கம் மண்ணடி வாடகை; மறுபக்கம் சீசன் டிக்கெட், மனைத் தவணை, சைக்கிள் பஞ்சருக்கென்று மாதம் இரண்டு ரூபாய். கீழே ஒரு கோடு போட்டு, கூட்டிக் கழித்திருக்கிறார். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்கிறேன். நகர மையத்துக்கு அருகில் இருக்க வேண்டுமானால் நிலத்துக்குக் கொடுக்க வேண்டும், தள்ளிப் போனால் பயணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதை வில்லியம் அலோன்சோ 1964-இல் கோட்பாடாக எழுதினார். அதைப் படித்த அன்று எனக்கு அந்த ரசீதுதான் நினைவுக்கு வந்தது. நகரம் விரிகிறது என்று சொல்கிறோமே, அது இப்படி ஆயிரம் ஆயிரம் ரசீதுகளின் பின்புறத்தில் நடக்கிற காரியம்.

நகரம் எப்படி வளர்கிறது என்ற பாடத்தில் முதலில் வருவது சமூகவியலாளர் பர்ஜெஸின் பொதுமைய வளையக் கோட்பாடு. 1925, சிகாகோ. நடுவில் வணிக மையம், அதைச் சுற்றி இடம்பெயர்ந்து வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி, பிறகு தொழிலாளர் குடியிருப்பு, அதற்கும் வெளியே வசதியான வீடுகள். பாரிமுனையை நடுவில் வைத்துச் சென்னைக்கு வரையச் சொன்னால், பாதி வளையம் கடலுக்குள் போய்விடுகிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிகாகோவும் அரை நகரம்தான். பர்ஜெஸின் படத்திலேயே மிச்சிகன் ஏரியின் கரை வளையங்களை வெட்டிக்கொண்டு போகும். மண்ணடி எந்த வளையத்தில் வரும் என்று கேட்டால், ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்த எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆனால் சென்னை வளையமாக வளரவில்லை. 1931-இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை என்று ஊர் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனது. ஆவடிப் பக்கம் ஒரு விரல், எண்ணூர்ப் பக்கம் ஒரு விரல். விரித்த கையைப் போன்ற இந்த வளர்ச்சிக்கு ஹோமர் ஹோய்ட் 1939-இல் சொன்ன துண்டக் கோட்பாடுதான் பொருந்துகிறது: நகரம் போக்குவரத்துப் பாதைகளைப் பிடித்துக்கொண்டு மையத்திலிருந்து துண்டு துண்டாக வெளியே நீளும் என்பது அது. ஒரு நகரத்துக்கு ஒன்றல்ல, பல மையங்கள் என்று ஹாரிஸும் உல்மனும் 1945-இல் எழுதிய பல்மையக் கோட்பாட்டுக்கும் உதாரணம் தேடி அலைய வேண்டாம். கிண்டித் தொழிற்பேட்டை, கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன காய்கறிச் சந்தை, 2000-இல் தரமணியில் எழுந்த ஐ.டி. வளாகமான டைடல் பார்க். அப்பா வடக்கே போய் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன் கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகிறான்.

இந்த மூன்று கோட்பாடுகளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மூன்றும் நிலத்தைப் பெரும்பாலும் சமதளமான வெள்ளைத் தாளாகவே எடுத்துக்கொள்கின்றன. எங்கள் நிலம் அப்படிப்பட்டதா? விரல்களுக்கு நடுவே இருந்தவை ஏரிகளும் அவற்றின் நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களும். 1920-களில் தியாகராய நகரே ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானதுதான். மேற்கு மாம்பலத்தில் ஏரி போய், லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால், மிகுதி நீர் வழியும் கலங்கல் வழியாக நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு என்று தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. அப்பாவிடம் மனை விற்றவர் காட்டிய வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தெருக்கள் மட்டுமே இருந்தன.

அந்தத் தெருக்களில் எங்களுடையது மட்டும் நடுவில் ஏன் வளைகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. அது வயலுக்குப் போன வாய்க்கால். தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் தினமும் காலையில் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். எதிர்க்காற்று என்பார். அது ஏரிக்கரை. நாங்கள் குடியிருப்பது கரைக்குக் கீழே.

2015 டிசம்பரில் தண்ணீர் அந்த வளைவு வழியாகவே வந்தது. நள்ளிரவில் வாசற்படி, விடியும்போது ஜன்னல் விளிம்பு. நான்கு வருடத்துக்கு முன்புதான், மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, எங்கள் ஊராட்சி சென்னை ஆகியிருந்தது. அப்பா வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு! வீடுகள் முந்திக்கொண்டு வந்துவிட, வடிகாலும் எல்லைக்கோடும் பின்னால் மெதுவாக வந்தன. பரணில் இருந்ததால் கோப்பு தப்பியது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை மறைத்து வெள்ளையடிக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். அது இன்னும் இருக்கிறது, என் இடுப்புக்குச் சற்று மேலே.

போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஏற்றத்துக்கு அழைத்துப்போனேன். ஷேர் ஆட்டோக்கள் கியர் மாற்றிக்கொண்டு ஏறின. எது ஏரிப்பக்கம், எது வயல்பக்கம் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் நான்கு மாடி வீடுகள். யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சாலையின் நடுவில் ஊற்றினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் ஒரு கணம் தேங்கி நின்றது. பிறகு எங்கள் தெருப் பக்கமாக இறங்கி ஓடியது.